திரும்பி வருவதும் விசுவாசமே



கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் நகருக்கு வடக்கே கரையோர மலைத்தொடர் ஓங்கி நிற்கிறது. பசிபிக் பெருங்கடலின் ஈரக்காற்று அம்மலைகளில் மோதி, குளிர்காலமெல்லாம் பனியாய்ப் பொழிகிறது. உள்நாட்டு மலைகளில் பனி உலர்ந்து மெலிந்து கிடக்கும். அதற்குள் தோன்றும் பலவீனமான அடுக்கு வாரக்கணக்கில் நிலைத்திருக்கும். கரையோரப் பனியோ ஈரமும் கனமும் ஆழமும் உடையது. புயல் ஓய்ந்தபின் பெரும்பாலும் ஓரிரு நாள்களில் இறுகிவிடும்.

இந்த நன்மையே பலருக்குக் கண்ணியாகிறது. "வானம் தெளிந்துவிட்டது, இனி என்ன பயம்?" என்று மனம் துணிகிறது. ஆனால் புயலின்போதும் அதை அடுத்த நாளிலுமே ஆபத்து மிகுதி. காற்று குவித்த புதுப்பனி அப்போது இன்னும் பிடிப்புக் கொள்ளவில்லை. புதுப்பனியின்மேல் மழை பெய்தாலோ சரிவு விரைவில் அவிழும். சில வேளைகளில் கரையோரத்திலும் பலவீனமான அடுக்கு மறைந்திருந்து நெடுநாள் காத்திருக்கும்.

கனடாவின் பனிச்சரிவு எச்சரிக்கை அமைப்பு ஆபத்தை 5 படிகளாக அறிவிக்கிறது. மூன்றாம் படியைக் கேட்டதும், நடுவில்தானே இருக்கிறது என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். அப்படியின் பொருள் வேறு: மனிதன் கால்வைத்தால் பனி சரியக்கூடும் என்பதே அது. உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதை, சிக்கியவரோ அவருடன் சென்றவரோதாம் கிளப்பிவிடுகிறார்கள். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே பெரும்பாலும் உடைகின்றன. பனிச்சறுக்குவோர் விரும்பித் தேடுவதும் அவற்றையே.

2012 பிப்ரவரி 19 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைகளின் டன்னல் கிரீக் பகுதியில் மூவர் மாண்டனர். அன்று சென்ற குழுவினர் மலையை நன்கு அறிந்தவர்கள். சிலருடைய உள்ளத்தில் தயக்கம் எழுந்தும், பெருங்கூட்டத்தின் நடுவே அது சொல்லாய் வெளிவரவில்லை.

பிரியமானவர்களே, சொல்லப்படாத அந்தத் தயக்கமே என்னை மிகவும் வருத்துகிறது. பனியை அளக்கும் அறிவு அவசியம். ஆனால் "வேண்டாம், திரும்புவோம்" என்று சொல்லும் துணிவு இல்லையேல் அந்த அறிவால் பயன் என்ன? எச்சரிக்கையைக் கேட்டும் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சரிவில் இறங்குவதை விசுவாசம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தேவாலயத்து உப்பரிகையின்மேல் நின்ற நம் ஆண்டவர் கீழே குதிக்க மறுத்தார் என்பதை மறவாதீர்கள்.

ஆகையால் மலைக்குச் செல்லும் வாலிபரே, புறப்படும் காலையில் எச்சரிக்கை அறிக்கையை வாசியுங்கள். புதையுண்டவரைக் கண்டறியும் கருவி, துழாவுகோல், மண்வெட்டி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் சுமந்து செல்லுங்கள். புதையுண்டவருக்கு முதல் கால்மணி நேரமே பெரும் நம்பிக்கை. வெளியிலிருந்து உதவி வருமுன் அது கடந்துபோகும். உங்களில் இளையவர் அஞ்சினாலும் அவர் சொல்லுக்குச் செவிகொடுங்கள். பெற்றோரே, பாதி வழியில் திரும்பிவரும் பிள்ளையைக் கோழை என்று எண்ணாமல் மகிழ்ச்சியோடு வரவேற்றுக்கொள்ளுங்கள். சிகரம் அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.