ஸ்பெயினுக்கு முதற்பயணம்: பயணச்சீட்டுக்கு முன் நிய்யத்



கோடை விடுமுறை நெருங்கினால் நம்மிடம் வரும் கேள்விகளின் தன்மை மாறிவிடுகிறது. முன்பெல்லாம் உம்ராவுக்குச் செல்வோரே பயணச் சட்டங்களைக் கேட்டு வருவர். இப்போது, "ஹஜ்ரத், பிள்ளைகளோடு ஸ்பெயினுக்குப் போகிறோம், கஸ்ர் எத்தனை நாள்?" என்று கேட்போரும் உண்டு. கையோடு ஒரு பயணத் திட்டத்தையும் கொண்டு வருகிறார்கள். பார்சிலோனாவில் நான்கு நாள், மாட்ரிடில் மூன்று நாள், பிறகு ஒரே பகலில் குர்துபா, மறு பகலில் கிரனாடா, அங்கிருந்து விமான நிலையம். நம் கருத்தில் இத்திட்டம் தலைகீழானது. எதைப் பார்ப்பதற்காக ஒரு முஸ்லிம் குடும்பம் இத்தனை தொலைவு செல்கிறதோ, அதற்கு இரண்டு பகல்களும், மற்றவற்றிற்கு ஏழு நாட்களும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

திட்டத்தைத் திருத்துவதற்கு முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும். கேட்டால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. ஆயினும் கேட்காமலிருப்பது ஆசிரியனுக்கு அழகல்ல. ஃபர்ளான ஹஜ் நிறைவேறிவிட்டதா? நால்வர் கொண்ட குடும்பம் ஐரோப்பா சென்று வரும் செலவைத் தாங்கும் வசதி படைத்தவர் மீது ஹஜ் கடமையாகியிருக்க வாய்ப்பு மிகுதி. ஹனஃபி மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்துப்படி, கடமையான ஆண்டிலேயே அதை நிறைவேற்ற வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் உறுதியான எண்ணத்துடன் பிற்படுத்த இடமுண்டு. அந்த இடம் ஒரு சலுகையே. அதை ஆண்டுதோறும் விடுமுறைப் பயணங்களால் நிரப்பிக்கொண்டே போவது சலுகையின் நோக்கமாக இருக்க முடியாது. கடன் அட்டையில் வட்டித் தவணை போட்டுச் செல்வதைப் பற்றி இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை, அது ஆகாது. இவ்விரண்டும் தடையில்லையெனில் தாராளமாகச் செல்லலாம். பூமியில் சுற்றி, முன்சென்ற சமூகங்களின் முடிவைக் கண்டு பாடம் பெறுமாறு அல்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. அந்தப் பாடத்திற்கு அந்தலுஸைப் போல் பொருத்தமான நிலம் அரிது.

அடுத்தது விசா. இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்னரேனும் விண்ணப்பித்திருக்க வேண்டும். விடுமுறைக் காலத்தில் அந்தக் கடைசி எல்லையை நம்புவது அறிவுடைமையன்று; மூன்று மாதம் முன்னரே தொடங்குவது நலம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, தங்குமிடச் சான்று, போக்குவரத்து முன்பதிவு ஆகியவை வேண்டும். இங்குதான் நம்மவர் சிலர் சறுக்குகின்றனர். செல்லாத ஊருக்கு விடுதி பதிந்து காட்டுவதும், இல்லாத பயணச்சீட்டை இருப்பதாகத் தாளில் அச்சிட்டுத் தருவதும் முகவர்களிடம் சாதாரணமாகிவிட்டன. எல்லோரும் செய்கிறார்கள் என்பது பொய்யை மெய்யாக்காது. கட்டணம் திரும்பக் கிடைக்கும் விடுதிப் பதிவும், சிறு தொகைக்குப் பிடித்து வைக்கும் மெய்யான பயணப் பதிவும் கிடைக்கின்றன. சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகும், ஆகட்டும்.

விமானத்தைப் பொறுத்தவரை சென்னையிலிருந்து ஸ்பெயினுக்கு நேரடிச் சேவை இல்லை. தோஹா, துபாய், இஸ்தான்பூல் போன்ற இடங்களில் மாறியே செல்ல வேண்டும். விலை குறைந்த சீட்டைத் தேடுவோர் பெரும்பாலும் மாறும் இடத்தில் ஒன்றேகால் மணி நேரமே விடுகின்றனர். கைக்குழந்தையும் வயதான தாயாரும் உடன் வருகையில் அது ஓட்டப்பந்தயம். தொழுகையும் அதில் தவறும். மூன்று நான்கு மணி நேர இடைவெளி உள்ள சீட்டையே நாம் பரிந்துரைப்போம். வளைகுடா விமான நிலையங்களில் உளூச் செய்ய வசதியும் தொழுகை அறையும் உண்டு. புறப்படும் நேரத்தைத் தேர்வு செய்கையில் ஃபஜ்ர் எங்கே அமையும் என்று பாருங்கள். நள்ளிரவு கடந்து ஏறி மேற்கு நோக்கிப் பறந்தால் சில வேளைகளில் ஃபஜ்ருக்கு முன்னரே வளைகுடாவில் இறங்கிவிடலாம். விடியலை ஒட்டி ஏறினால் அத்தொழுகை ஆகாயத்தில்தான். இயன்றவரை தரையில் அமையும் சீட்டே மேல்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. இறங்கிய ஊரிலிருந்தே திரும்ப ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாட்ரிடில் இறங்கி, தெற்கே மலாகாவில் ஏறும்படி ஒரே சீட்டாக வாங்கலாம். முகவரிடம் 'மல்டி சிட்டி' என்று கேட்டால் போதும். இரண்டு தனிச் சீட்டுகளாக வாங்குவதைவிட இது பெரும்பாலும் மலிவாகவே முடியும். மீண்டும் மாட்ரிடுக்கு ஏறி வரும் ஒரு நாள் அலைச்சலும் ரயில் கட்டணமும் மிச்சம்.

இனி நாட்களைப் பிரிப்போம். ஒன்பது இரவு உள்ள குடும்பத்திற்கு நாம் வகுப்பது இது: மாட்ரிடில் இரண்டு இரவு, குர்துபாவில் மூன்று, கிரனாடாவில் மூன்று, மலாகாவில் ஒன்று. செவிலுக்கு (நம் நூல்களின் இஷ்பீலியா) குர்துபாவிலிருந்து ஒரு பகல் சென்று திரும்பலாம். 'ஆவே' எனும் அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான். மாட்ரிடிலிருந்து குர்துபாவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். மாட்ரிடில் எதற்கு இரண்டு இரவு என்றால், நீண்ட பறப்புக்குப் பின் பிள்ளைகள் தூங்கி எழுவதற்கு. அந்நகரும் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவின் அமீர் முதலாம் முஹம்மத் கட்டிய கோட்டையே அதன் தொடக்கம். அக்கால மதிலின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. பார்சிலோனாவை விட்டுவிட்டோம். வீட்டுப் பையன்கள் கால்பந்து அரங்கத்திற்காக முறையிடுவர். அவர்களுக்கு வரலாறே பதில் சொல்லும்: 801-இலேயே அந்நகர் முஸ்லிம்களின் கையை விட்டுப் போயிற்று; நம் தடயம் அங்கு மிகக் குறைவு. இரண்டாம் பயணம் வாய்த்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவினையில் ஒரு சட்ட நுணுக்கமும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக ஓர் ஊரில் நான்கு முழு நாட்கள் தங்க எண்ணியவர் முஸாஃபிர் அல்லர். அவர் முழுமையாகத் தொழ வேண்டும். மேற்சொன்ன திட்டத்தில் எந்த ஊரிலும் அந்த எல்லை எட்டப்படவில்லை. ஆகவே கஸ்ரும் ஜம்உம் நெடுகக் கிடைக்கும். ஹனஃபிகளுக்கு 15 நாள் எல்லை; அவர்களுக்கு கஸ்ர் உண்டு, ஆனால் இரு தொழுகைகளை ஒரே வக்தில் சேர்க்கும் ஜம்உ இல்லை. கணவர் ஒரு மத்ஹப், மனைவி வேறு மத்ஹப் என்றுள்ள வீடுகளில் இதை ஊரிலேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது. ரயில் நடைமேடையில் நின்றுகொண்டு ஃபிக்ஹ் விவாதம் வேண்டாம்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் குர்துபாவில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். ஏப்ரல் பிற்பகுதியே நம் பள்ளி விடுமுறைக்கும் பொருந்தும், வெயிலும் மிதம். மே முதற்பாதியில் குர்துபாவில் முற்றங்களின் திருவிழா நடப்பதால் விடுதி விலை ஏறிவிடும். அந்நாட்டுக் கடிகாரம் சூரியனைவிட வெகுவாக முந்தி ஓடுகிறது. ஆதலால் வசந்தத்திலும் கோடையிலும் லுஹர் பிற்பகல் இரண்டேகால் அளவில்தான் நுழையும். மக்ரிப் இரவு ஒன்பதுக்கு மேல். ஊர் மக்கள் உணவருந்தி ஓய்வெடுக்கும் நேரமும் இரண்டு மணிக்குப் பின்னரே. காலை முழுதும் சுற்றிவிட்டு அறைக்குத் திரும்பி, உண்டு, தொழுது, உறங்கி, மாலையில் மீண்டும் புறப்படும் ஒழுங்கு முஸ்லிம் குடும்பத்திற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும்.

குர்துபாவின் பெரிய பள்ளிவாசலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாம் அப்துர் ரஹ்மான் 785-ஐ ஒட்டித் தொடங்கினார்; 200 ஆண்டுகளில் படிப்படியாக விரிவடைந்தது. 1236-இல் நகர் வீழ்ந்தபோது தேவாலயமாக்கப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டில் தூண்களின் நடுவே ஒரு பேராலயமே எழுப்பப்பட்டது. இன்று அங்கு முஸ்லிம்கள் தொழ அனுமதி இல்லை. 2010-இல் வெளிநாட்டிலிருந்து வந்த சில முஸ்லிம்கள் தொழ முற்பட்டு, காவலர்களுடன் மோதலாகி, செய்தியாயிற்று. "இரண்டு ரக்அத்தாவது தொழுதுவிட்டு வருகிறோம்" என்று ஆவலோடு சொல்லும் இளைஞர்களிடம் நாம் சொல்வது: வேண்டாம். நுழைவுச்சீட்டு வாங்குவது நிபந்தனையை ஏற்பதே. ஏற்ற நிபந்தனையை உள்ளே சென்று மீறுவது வீரமாகாது. ஒளிந்து தொழுத படத்தை உலகுக்குக் காட்டும் ஆசை அதில் கலந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மிஹ்ராபின் முன் நின்று மனத்துக்குள் துஆச் செய்வதை எந்தக் காவலராலும் தடுக்க இயலாது. பிள்ளைகளிடம் திசைகாட்டியைக் கொடுங்கள். அந்நகரிலிருந்து மக்கா ஏறத்தாழக் கிழக்கே இருக்க, மிஹ்ராப் தெற்குப் பக்கமாகத் திரும்பியிருப்பதை அவர்களே கண்டுபிடிப்பர். பத்தாம் நூற்றாண்டில் இரண்டாம் அல்ஹகம் விரிவுபடுத்தியபோதும் முன்னோர் வைத்த திசையே பேணப்பட்டது. ஏன் என்று அவர்கள் கேட்கட்டும். இஜ்திஹாத் குறித்த முதற்பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

மற்றொரு கூட்டத்தார் அந்தலுஸை ஒரே அழுகையாக்கிவிடுகின்றனர். 800 ஆண்டுகள் பொற்காலம், பிறகு எதிரியின் சூழ்ச்சி, முடிந்தது கதை. பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வது அநீதி. கிரனாடாவின் பிப்-ரம்ப்லா சதுக்கத்தில் கர்தினால் சிஸ்னேரோஸின் ஆணையால் அரபு நூல்கள் எரிக்கப்பட்டதைக் காட்டுங்கள். மார்க்க உரிமையைக் காப்பதாக 1491-இல் எழுதித் தந்த உடன்படிக்கை பத்து ஆண்டுகளுக்குள் முறிந்ததையும், 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள் நாடு கடத்தப்பட்டதையும் சொல்லுங்கள். அத்துடன் நம் பக்கமும் நூல்கள் எரிந்தன என்பதையும் சொல்லுங்கள். இப்னு ஹஸ்மின் நூல்களை இஷ்பீலியாவில் எரித்தவர் ஒரு முஸ்லிம் மன்னர். குர்துபாவின் காழியான இப்னு ருஷ்து 1195-இல் நாடு கடத்தப்பட்டதும் முஸ்லிம் அரசாலேயே. 1066-இல் கிரனாடாவில் யூத மக்களைக் கொன்று குவித்த கும்பலும் நம்மவர்களே. சிற்றரசுகளாகச் சிதறி, ஒருவர் மீது ஒருவர் பகைவரின் படையை ஏவிய கதையை மறைத்துவிட்டு வீழ்ச்சியை விளக்க முடியாது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது பாரமாகும் என்பர் சிலர். ஆகாது. பொய்யான பெருமைதான் பின்னாளில் பாரமாகிறது.

குர்துபாவுக்கு எட்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதீனத்துஸ் ஸஹ்ராவை விட்டுவிட வேண்டாம். மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936-இல் தொடங்கிய அரண்மனை நகர், 80 ஆண்டுகூட நிலைக்காமல் உள்நாட்டுப் போரில் பாழாயிற்று. அரை நாள் போதும். செவிலில் அல்கஸாரும், பேராலயத்தின் மணிக்கோபுரமாக நிற்கும் பழைய மினாராவும் போதுமானவை. மினாராவில் படிக்கட்டுக்குப் பதில் சரிவுப் பாதை என்பதால் பெரியவர்களும் மெல்ல ஏறலாம்.

கிரனாடாவில் முதல் வேலை அல்ஹம்ராவின் சீட்டு. விமானச் சீட்டை உறுதி செய்த அன்றே இதற்கும் முயலுங்கள். வாரக்கணக்கில் முன்னரே தீர்ந்துவிடும். நஸ்ரி அரண்மனைகளுக்குள் நுழையும் நேரம் சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும், தவறினால் போயிற்று. கடவுச்சீட்டின் மூலப் பிரதியும் கையில் இருக்க வேண்டும். சுவரெங்கும் "அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை" என்ற பொருளுடைய அரபு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கும். மக்தபில் ஓதும் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்துவிடும். வெள்ளிக்கிழமை கிரனாடாவில் அமையும்படி நாட்களை நகர்த்துங்கள். முஸாஃபிருக்கு ஜும்ஆ கடமையில்லை. ஆயினும் அல்பைசின் மேட்டில் 2003-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலில், இஸ்லாத்தை ஏற்ற ஸ்பானியர்களோடு தோளொட்டி நிற்பது பிள்ளைகள் மறக்க முடியாத பாடம். அந்தலுஸ் என்றால் கல்லும் கல்லறையும் மட்டுமல்ல என்பது அப்போது புரியும். செங்குத்தான கல்பாவிய தெருக்கள் அவை. முதியோருக்குச் சிறு பேருந்துகள் உண்டு.

உணவில் விழிப்பு தேவை. இறைச்சி இல்லை என்று நினைக்கும் பருப்புக் குழம்பிலும் பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். குர்துபாவின் சல்மோரேஹோ எனும் தக்காளிக் கூழின் மேல் முட்டையோடு பன்றித் துண்டுகளைத் தூவுவர். "சின் ஹமோன்" என்று சொன்னால் தூவாமல் தருவர். மந்தேகாதோ எனும் மாவு இனிப்பு பன்றிக் கொழுப்பில் செய்யப்படுவது. கடைக்காரர் அன்பாக நீட்டினாலும் வேண்டாம். மாட்ரிடின் லவாபியேஸ் பகுதியிலும் கிரனாடாவின் பழைய தெருக்களிலும் ஹலால் உணவகங்கள் உள்ளன. சமையலறையுடன் கூடிய தங்குமிடம் எடுத்து, அரிசியும் மீனும் வாங்கிச் சமைத்தால் செலவும் குறையும். ஆனால் ஒன்று: ஊரில் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்கும் மனைவியை அங்கும் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் ஊர் சுற்றுவது பயணமாகாது. அடுப்பு வேலையை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் வீட்டில் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அறிஞரைத் தேர்ந்துகொள்ளட்டும். நம் மதரஸாக்களில் ஓதப்படும் அல்ஃபிய்யாவின் ஆசிரியர் இப்னு மாலிக், ஜயான் ஊர்க்காரர். சாலை அம்மாகாணத்தின் ஒலிவத் தோட்டங்களை ஒட்டியே செல்லும். தஃப்ஸீர் எழுதிய இமாம் குர்துபியின் பெயரிலேயே ஊர் இருக்கிறது. மதுரை சுல்தான்களைப் பற்றி இப்னு பதூதா சொல்லச் சொல்ல எழுதிய கை, கிரனாடாவின் இப்னு ஜுஸையுடையது. இதைக் கேட்டால் மதுரைப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். அங்கு சென்றபின் எண்ணெயை 'அஸெய்தே' என்றும், சர்க்கரையை 'அஸூகார்' என்றும், அரிசியை 'அர்ரோஸ்' என்றும் காதில் விழும்போது, அஸ்ஸைத், அஸ்ஸுக்கர், அர்ருஸ் என்று அவர்களே கண்டுகொள்வர். 'ஓஹாலா' என்று ஒரு சொல்லும் விழும். அல்லாஹ் நாடினால் என்ற அரபுத் தொடரின் மிச்சம் அது. சொல்பவருக்கே பெரும்பாலும் தெரியாது.

மலாகாவில் கடைசி இரவு தங்குவது வெறும் வசதிக்காக. கிரனாடாவிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அன்று மாலை கடற்கரையில் பிள்ளைகளை ஓட விடுங்கள். எந்த நினைவுச் சின்னமும் வேண்டாம். பெட்டிகளை இரவே கட்டிவிட்டால், ஃபஜ்ர் முடித்துப் பதற்றமின்றி விமான நிலையம் செல்லலாம்.