களத்தில் விடாமலே போட்ட தரவரிசை

'தகுதி' என்று யாராவது பேசத் தொடங்கினால், அதை அளந்தவர் யார் என்று நாம் கேட்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இதற்கு நல்ல பாடம்.

1949 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அங்கே தரவரிசைப் பட்டியல் வெளியிடுகிறது. போட்டிக் காலத்தில் வாரந்தோறும் விளையாட்டுச் செய்தியாளர்கள் வாக்களிக்கிறார்கள். இன்றைய முறையில் முதலிடத்துக்கு 25 புள்ளி, 25ஆம் இடத்துக்கு ஒரு புள்ளி. கூட்டினால் பட்டியல் தயார். பார்க்க வெறும் கணக்கு. ஆனால் புள்ளி போடுவது மனிதரின் கண். பழகிய பெயரையே அந்தக் கண் முதலில் தேடும்.

பட்டியல் தொடங்கிய காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்குத் தனிக் கல்லூரி, தனிப் போட்டி. வெள்ளையர் அணியோடு மோத வழியே இல்லை. 1944இல் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் ஒரு கறுப்பினக் கல்லூரி அணியும் டியூக் மருத்துவ மாணவர் அணியும் மோதின. ஊரார் தேவாலயத்தில் இருந்த ஞாயிறு காலையில், கதவைப் பூட்டிக்கொண்டு ஆடினார்கள். கறுப்பின அணி 88–44 என வென்றது. வெளியே சொல்ல முடியாத வெற்றி அது.

அந்த அணியின் பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன். கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே கான்சாஸில் பாடம் கேட்டவர். ஆனாலும் கறுப்பினத்தவர் என்பதால் அந்தப் பல்கலைக்கழக அணியில் அவருக்கு இடமில்லை. ஆடவே விடாதவரை எந்தப் பட்டியலில் தேடுவது?

1966 தேசிய இறுதி ஆட்டம். பட்டியலில் முதலிடம் பெற்ற கென்டக்கி அணி முழுக்க வெள்ளையர். மூன்றாம் இடத்தில் இருந்த டெக்சாஸ் வெஸ்டர்ன் ஐந்து கறுப்பின வீரர்களைக் களமிறக்கி 72–65 என வென்றது. களம் திறந்ததும் பதில் கிடைத்தது.

இன்று கதவுக்குப் பூட்டு இல்லை. தடையாக இருப்பது பணம். பெரிய பல்கலைக்கழகங்கள் பணம் கொடுத்துச் சிறிய கல்லூரிகளைத் தம் அரங்குக்கு அழைக்கின்றன. பதிலுக்கு அவர்கள் ஊருக்குப் போய் ஆடுவது அரிது. நிதி குறைந்த கறுப்பினக் கல்லூரிகள் பலவற்றுக்கு அந்தப் பணம் தேவை. வெளியூரில் சேரும் தோல்விகளே பிறகு தரம் குறைவு என்பதற்குச் சான்றாகின்றன. 2012இல் தேசியப் போட்டியின் தேர்வுக் குழு, நார்ஃபோக் ஸ்டேட் என்ற கறுப்பினக் கல்லூரிக்கு அதன் பிரிவில் 15ஆம் இடம் கொடுத்தது. அதே பிரிவில் 2ஆம் இடம் பெற்ற மிசௌரியை அது 86–84 என வீழ்த்தியது.

இன்று எந்தச் செய்தியாளர் எந்த அணிக்கு வாக்களித்தார் என்பதை எவரும் பார்க்கலாம். இது நல்ல மாற்றம். அளப்பவரும் கேள்விக்கு உட்பட்டவர்தானே!

1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரு மக்களின் நிலையும் ஒத்தது என்பதை அவர் அறிந்திருந்தார். மாணவத் தோழர்களே, எந்தப் பட்டியலைக் கண்டும் நாம் கூனிக் குறுக வேண்டியதில்லை. அளந்தவர் யார், களம் எல்லோருக்கும் திறந்திருந்ததா என்று கேட்போம். பதில் வந்த பிறகு தகுதியைப் பற்றிப் பேசலாம்.