ஊசியும் நம்பிக்கையும்

2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை அடைபட்டிருந்த நாட்டைத் திறக்கத் துணைநின்றது தடுப்பூசி, மறுப்பாரில்லை. ஆயினும் திருகோணமலையில், கிண்ணியாவிலும் மூதூரிலும் சிலர் அதனை ஐயுற்றிருப்பின், அது அறியாமையா?

கொரோனாவால் மாண்டோரை எரித்தே தீரவேண்டுமென 2020 ஏப்ரலில் வர்த்தமானி விதித்தது. உலக சுகாதார நிறுவனமோ புதைத்தலையும் ஏற்றிருந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கே எடுக்காது தள்ளிற்று. 2021 பெப்ரவரியிற்றான் தடை நீங்கிற்று. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர இசைந்தது.

இறந்தவன் உடலை மதியாத ஆட்சியை, இருப்பவன் எங்ஙனம் நம்பித் தன் தோளை நீட்டுவான்?

சான்றை வெளியிடாமல் இறுதிக்கடனில் எவ்விதியும் தலையிடலாகாதென 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தற் கட்டளைச் சட்டம் திட்டமாகக் கூறவேண்டும். தமிழ் பேசும் மக்களே, அடுத்த கொள்ளைநோய் வருமுன் இதனைக் கேட்டுப் பெறுவோம். நாட்டைப் பூட்டச் சட்டம் போதும். திறக்க நம்பிக்கை வேண்டும்.