தடித்த எழுத்தில் ஓர் எண்

தைராய்டு குறைவுக்கு மாத்திரை உட்கொள்வோர் கையில் இரத்தப் பரிசோதனைத் தாள் வந்ததும் டி.எஸ்.எச் என்ற வரியைத்தான் தேடுகிறோம். எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால் அச்சம், இல்லையேல் நிம்மதி. இரண்டுமே அவசரம் என்பது நம் கருத்து.

அந்த எண் தைராய்டின் சுரப்பை அளப்பதே அன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, தைராய்டுக்கு இடும் ஆணை அது. சுரப்பு குறைந்தால் ஆணை வலுக்கும். மாத்திரை மிகுந்தால் அடங்கும். இந்தத் தலைகீழ்க் கணக்கு பிடிபடாமல், 'கூடியிருக்கிறதே' என்று மாத்திரையைக் குறைத்தால் நிலைமை மோசமாகும். ஆணை மாறுவதும் மெதுவாகத்தான். தைராக்ஸின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாட்கள் ஆகின்றன. எனவேதான் அளவை மாற்றிய பின் 6 முதல் 8 வாரங்கள் கழித்து மறுபரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். பத்தாம் நாளே ஆய்வகத்துக்கு ஓடுவது வீண்செலவு.

'இயல்பு' என்று தாளில் அச்சிட்டிருக்கும் எல்லை, பெரும்பாலும் 0.4 முதல் 4 வரை, எப்படி வந்தது? நலமாக இருப்போர் பலரை அளந்து, இரு முனையிலும் 2.5 விழுக்காட்டினரை ஒதுக்கி வகுத்தது. அதாவது நலமுள்ள இருபது பேரில் ஒருவர் எப்போதும் எல்லைக்கு வெளியேதான் நிற்பார். வயது ஏற ஏற இந்த எண் சற்று உயர்வதும் உண்டு. 65 வயது கடந்த, எண் சிறிதளவே உயர்ந்திருந்த 737 பேரிடம் நடத்திய ஐரோப்பிய ஆய்வொன்று 2017இல் வெளியாயிற்று. தைராக்ஸின் பெற்றவர்களுக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் இடையே சோர்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயுள் முழுவதற்குமான மாத்திரையை ஒரே ஒரு தாளை நம்பித் தொடங்கலாமா என்று நாம் கேட்பது இதனால்தான்.

மறுபுறம், எண் எல்லைக்குள் இருந்தும் களைப்பு தீராதவர்கள். 'எல்லாம் நார்மல்' என்ற ஒற்றைச் சொல்லோடு அவர்களைத் திருப்பியனுப்புவது நியாயமன்று. இரத்தசோகையோ, பி12 குறைவோ, உறக்கக் கோளாறோ காரணமாகலாம். ஆனால் மாத்திரையை மேலும் கூட்டுவதும் தீர்வாகாது. மிகுந்தால் முதியவர்களின் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும்.

இன்னொரு வேடிக்கை: தைராய்டு குறைவால் முடி உதிர்கிறது, அதற்கென்று பயோட்டின் வாங்கி விழுங்குகிறோம். அதிக அளவு பயோட்டின், சில ஆய்வகக் கருவிகளில் டி.எஸ்.எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். காலைக் காப்பியோடும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடும் சேர்த்து விழுங்கிய தைராக்ஸினோ உடலில் சரியாகச் சேராது. எண் ஏறும், மருத்துவரும் அளவைக் கூட்டிவிடுவார். காப்பியைப் பற்றிக் கேட்க அந்தத் தாளில் கட்டம் ஏதுமில்லை.