முதலில் பிரதி, பிறகு புது டிஸ்க்

பழைய லப்ரொப்பின் ஹாட் டிஸ்க் பழுதாகிக் கடைக்குக் கொண்டுபோனால் முதலில் காதில் விழுவது, "போமற் அடிச்சுத் தாறம்" என்பதுதான். இதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. உள்ளே என்ன கிடக்கிறது, வேறெங்காவது பிரதி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்க என்ன செலவாகும்? நகரத்துப் பிள்ளையின் படங்கள் கைபேசியிலோ கூகுளிலோ இன்னொரு முறை கிடக்கும். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் பல வீடுகளில் அந்த ஒரு டிஸ்க்தான் எல்லாமே.

நெடுந்தீவு ரீச்சர் ஒருவர் குறிகட்டுவானில் இறங்கி, வேலணையில் திருத்த வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் தன் லப்ரொப்பைக் கொண்டுவந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"தம்பி, லப்ரொப் போனாலும் பரவாயில்லை. உதுக்குள்ளதான் எங்கட வட்டாரத்துச் சனத்தின்ர படமெல்லாம் கிடக்கு."

"திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தனீங்களோ ரீச்சர்?"

"பாத்தனான். முதல்ல சரியான மெதுவா வந்தது. இப்ப இடைக்கிட டிக், டிக் எண்டு சத்தம்."

"இனிப் போடாதேங்கோ."

ரீச்சரின் பதற்றம் எனக்கு விளங்கியது. 1990இல் போரால் தீவுகளை விட்டு வெளியேறியவர்களில் பெருந்தொகையானோர் திரும்பவில்லை. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் இருக்கும் அவர்களிடம் எஞ்சிய கலியாணப் படம், பள்ளிக்கூடப் படம், திருவிழாப் படம் என்று கேட்டு வாங்கி, யார் யார் என்று பெயர் எழுதிச் சேர்த்தவர் அவர். பெயர் சொல்லக்கூடிய வயதானவர்களில் சிலர் இப்போது உயிருடன் இல்லை. அந்தப் பெயர்களைக் கேட்டு எழுத இனி ஆளில்லை.

டிஸ்க்கின் உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. அதை வாசிக்கும் தலை தட்டைத் தொடாமல் சில நனோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிப்பு அதைவிடப் பல்லாயிரம் மடங்கு. தேடும் இடத்தைப் பிடிக்க முடியாமல் தலை திரும்பத் திரும்ப முயலும்போதுதான் அந்த டிக் சத்தம் வருகிறது. தட்டில் கீறல் இருந்தால் ஒவ்வொரு சுழற்சியும் அதைப் பெரிதாக்கக்கூடும். சிறுப்பிட்டியில் பிறந்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை, கையில் எடுப்பதே பழைய ஓலை ஏட்டுக்கு ஆபத்தாகிவிட்டதைப் பார்த்துத் தம் பதிப்புரையில் கலங்கி எழுதியவர். பழுதான டிஸ்க்கும் அந்த ஏடு போலத்தான். அடுத்த தடவை அதைத் தொடுவது பிரதி எடுப்பதற்காக மட்டுமே இருக்க வேண்டும்.

தம்பி அடிமூடியைக் கழற்றினார். திருகாணிகளின் தலையில் பச்சைக் களிம்பு, விளிம்பெல்லாம் மெல்லிய மணல். உப்புக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. பொருத்திகளின் உலோகத்தையும் மெல்ல அரிக்கும். டிஸ்க் பழுதாக மின்சாரமும் ஒரு காரணம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையோடு இணையாமல் தத்தம் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வந்தவை. சூரியஒளி, காற்று, பற்றரி சேர்ந்த கலப்பு மின் திட்டத்துக்கு இந்திய உதவியோடு 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பற்றரி செத்த லப்ரொப்பை நேரே மின்னில் போட்டு வேலை செய்கிறவருக்கு மின்தடை வந்தால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு அந்த இடத்திலேயே முறியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மூடியைச் சாத்திவிட்டு அப்படியே படகில் ஏறுகிறார்கள். உள்ளே தட்டு இன்னும் சுழன்றுகொண்டிருந்தால் இறங்குதுறையில் ஒரு அடி போதும். முழுதாக நிறுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கழற்றிய டிஸ்க்கை யூஎஸ்பி அடப்டரில் மாட்டி வேறொரு கணினியில் போட்டார். விண்டோஸ் இந்த இடத்தில் சில வேளை "போமற் செய்யட்டுமா?" என்று கேட்கும். இல்லை என்றே அழுத்துங்கள். தம்பி லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டார். அது பழுதான இடத்தில் மல்லுக்கட்டி நிற்காமல் அதைத் தாண்டிப்போய், நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பிறகு விட்ட இடங்களுக்குத் திரும்பி வருகிறது. இரவு முழுக்க ஓடியது. பெரும்பாலானவை வந்தன. சில படங்கள் பாதியோடு நின்றன: மணவறையும் மாலையும் முகங்களும் தெளிவாக இருக்க, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். முகங்கள் தப்பினதே போதும் என்றார் ரீச்சர். தலையே முற்றாகப் போன டிஸ்க்காக இருந்திருந்தால் இதுவும் நடந்திராது. தூசியில்லாத ஆய்வுகூடம் வைத்திருப்பவர்களிடம் பெருஞ்செலவில் அனுப்ப வேண்டும். வீட்டு மேசையில் வைத்துத் திறந்தால் கதை முடிந்தது.

புது டிஸ்க் போடுவது இதற்குப் பிறகு வரும் சின்ன வேலை. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போதும். பழைய டிஸ்க்குகளில் பல 9.5 மில்லிமீற்றர் தடிப்பு, எஸ்எஸ்டி 7. ஆடாமல் இருக்க இடையில் ஒரு சட்டமோ மடித்த மட்டையோ வைத்தால் சரி. எஸ்எஸ்டியில் வேகமும் கூடும், காரணம் எளிது. பழைய தட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 11 மில்லிசெக்கன் எடுக்கும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவுமில்லை. 2025 ஒக்ரோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு நின்றுவிட்டதால் ரீச்சரின் லப்ரொப்பில் லினக்ஸ் மின்ற் போட்டோம். தமிழில் தட்டச்சு செய்ய அதில் ஒரு குறையுமில்லை.

ஆனால் எஸ்எஸ்டியை நம்பிப் பிரதியை விட்டுவிடாதீர்கள். ஹாட் டிஸ்க் போவதற்கு முன் சத்தமாவது போடும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமலே போகும். மின்சாரம் படாமல் நெடுங்காலம் அலுமாரிக்குள் கிடந்தாலும் உள்ளதை இழக்கக்கூடும். ரீச்சரின் படங்களில் ஒரு பிரதி வெளி ஹாட் டிஸ்க்கில் யாழ்ப்பாணத்தில் உள்ள தங்கச்சி வீட்டுக்குப் போனது, இன்னொன்று ரொறன்ரோவில் மகனிடம். ஊர்ப் பொதுவான படங்களையும் சிறப்பு மலர்களையும் 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்று சொன்னேன். பெயர் உள்ளவர்களின் சம்மதத்தைக் கேட்டுவிட்டுத் தருவதாகச் சொன்னார். அது சரியான முறை.

தீவகத்துச் சனசமூக நிலையங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒரு யூஎஸ்பி அடப்டர், ஒரு சின்னத் திருகாணிச் சாவிப் பெட்டி, ஒரு வெளி ஹாட் டிஸ்க், லினக்ஸ் உள்ள ஒரு பென் டிரைவ். இவற்றை வாங்கி ஒரு லாச்சியில் வைத்து, ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் இருவருக்கு இந்த வேலையைப் பழக்கிவிடுங்கள். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அடுத்த டிஸ்க் டிக் என்று சத்தம் போடும்போது, கடைக்காரரைத் தேடிக் கடல் கடக்கும் முன் பிரதி எடுத்தாகிவிடும்.