உலகம் பார்த்தது, ஊர் பார்த்ததா?

மும்பையில் பிழைக்க வந்த மூன்று பெண்களின் கதைக்கு 2024 மே மாதம் பிரான்ஸ் நாட்டின் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய பரிசு கிடைத்தது. பாயல் கபாடியா இயக்கிய 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' என்ற அந்தப் படம், விழாவின் முக்கியப் போட்டியில் 30 ஆண்டுகளுக்குப் பிறகு இடம்பெற்ற இந்தியப் படமாகும். அதற்கு முன் 1994-ல் ஷாஜி என். கருணின் 'ஸ்வம்' என்ற மலையாளப் படம் அங்கே போட்டியிட்டது.

படத்தில் வரும் இருவர், கேரளத்திலிருந்து வந்து ஒரே அறையில் குடியிருக்கும் நர்சுகள். மூன்றாமவர் அதே ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்க்கும் ரத்னகிரிப் பெண். மில் தொழிலாளியின் விதவை. பல வருஷம் வாழ்ந்த வீட்டைக் காலி செய்யச் சொல்கிறான் பில்டர். வீடு தன்னுடையது என்று காட்ட அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்புகிறார். தாராவியில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், அவர்களில் எத்தனை பேர் இந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள்? நாடு முழுவதற்குமாகப் படம் திரைக்கு வந்தது 2024 நவம்பரில்தான். அதுவும் பெரும்பாலும் மால் அரங்குகளில். குடும்பத்தோடு போனால் ஒரு நாள் கூலி போதாது. 2025 ஜனவரியில் படம் ஓ.டி.டி.க்குப் போய்விட்டது.

தமிழ்ப் படத்தின் கதையும் வேறல்ல. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் விழாவின் முதல் பரிசை வென்றது. மதுரைப் பக்கத்து வறண்ட பூமியில் குடிகாரத் தகப்பனும் மகனும் நடக்கும் நடையே அதன் கதை. ஆஸ்காருக்கும் இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. பொதுமக்கள் அதைப் பார்க்க முடிந்ததோ 2023 அக்டோபரில், ஓ.டி.டி.யில்தான்.

காரணம் என்ன? நட்சத்திரம் இல்லாத படத்துக்குச் செய்யும் விளம்பரச் செலவு திரும்பி வருமா என்று விநியோகஸ்தர் கணக்குப் பார்க்கிறார். முதல் மூன்று நாள் வசூல் குறைந்தால் கொட்டகைக்காரர் காட்சியைக் குறைக்கிறார். இத்தகைய படங்களோ வாய்வழிச் செய்தியால் மெதுவாகக் கூட்டம் சேர்ப்பவை. செய்தி பரவி, ஷிப்ட் வேலைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்படுவதற்குள் போஸ்டர் மாறிவிடுகிறது.

வழி இல்லாமல் இல்லை. அதே 2024 கான் விழாவில் ஷியாம் பெனகலின் 'மந்தன்' படம் புதுப்பிக்கப்பட்டுத் திரையிடப்பட்டது. குஜராத் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம் அது. 1976-ல் படம் வெளியானபோது, அவர்களே லாரிகளில் ஏறி வந்து பார்த்தார்கள். கேரளத்தில் அரசே கொட்டகைகள் நடத்துகிறது. 1996 முதல் திரைப்பட விழாவும் நடந்து வருகிறது.

மற்ற மாநிலங்களும் இதைச் செய்யலாம். பரிசு பெற்ற படங்களுக்கு ஞாயிறு காலைக் காட்சி ஒன்றை, குறைந்த கட்டணத்தில் ஒதுக்கினால் போதும். தொழிற்சங்கங்களும் தமிழ் மன்றங்களும் சேர்ந்து கேட்டால் கொட்டகைக்காரர்களும் மறுக்கமாட்டார்கள்.

கானில் படம் பார்த்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கதைக்குச் சொந்தக்காரர்களுக்கு ஒரு காட்சியாவது கிடைக்க வேண்டாமா?