மைதானம் யார் தெருவில் இருக்கிறது?

2025 மார்ச் மாதம். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினோராம் வகுப்பு படிக்கும் தலித் மாணவன் ஒருவன் தேர்வு எழுதப் பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தான். வழியில் பேருந்தை மறித்தார்கள். அவனைக் கீழே இழுத்துப் போட்டு வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவனுடைய அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு என் சித்தப்பா ஞாபகம் வந்தார்.

எனக்கு அப்போது பதினாறு வயது. தாமிரபரணி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கோயில் கொடையை ஒட்டிக் கபடிப் போட்டி வைத்திருந்தார்கள். எங்கள் காலனி அணி நுழைவுக் கட்டணம் கட்டி இறங்கியது. அரையிறுதியில் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். இறுதிப் போட்டிக்கு முன்னால் திடலில் எல்லா விளக்கும் அணைந்தது. "ஜெனரேட்டர்ல டீசல் தீந்துபோச்சுடே, நாளைக்கு வாங்க, பாத்துக்கிடலாம்" என்றார் ஒருவர். கோயில் வாசலில் சீரியல் செட் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ரோடு அவர்கள் தெரு வழியாகப் போகிறது என்பதால் நாங்கள் வயல் வரப்பில் நடந்து வீடு திரும்பினோம். வாய்க்கால் பாலத்தில் சித்தப்பா டார்ச் லைட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஜெயித்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "தோத்துட்டு வந்திருக்கலாம்லய்யா" என்றார்.

அவரும் ஒரு காலத்தில் நல்ல ரைடர். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. கோழை என்று நினைத்தேன். எந்தத் திடலில் ஜெயிக்கலாம், எந்தத் திடலில் ஜெயிக்கக் கூடாது, ஜெயித்தால் எந்த வழியாக வீட்டுக்கு வர வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

இப்போது நெல்லைச் சீமை முழுக்க விளையாட்டுப் பேச்சுதான். 2014இல் புரோ கபடி வந்ததும் எங்கள் மண் விளையாட்டு தொலைக்காட்சிக்குப் போனது. சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். கிரிக்கெட் நடக்கிறது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' 2025 அக்டோபரில் வெளியானது. அதே மாதம் கண்ணகி நகரிலிருந்து வந்த கார்த்திகா, பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய மகளிர் கபடி அணியோடு தங்கம் வென்றார். ஊருக்கு ஊர் அணிகள் முளைக்கின்றன. சம்மர் லீக், பொங்கல் லீக், பத்து ஓவர் டென்னிஸ் பால் போட்டி என்று ஃபிளெக்ஸ் வைக்காத முக்கு இல்லை. பையன்கள் ஆட வருவது நல்ல விஷயம். ஆனால் அவர்கள் எங்கே ஆடுகிறார்கள்?

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நிலத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆற்றின் இரு கரையிலும் நெல்லும் வாழையும். பட்டா ஒரு பக்கம், உழைப்பு இன்னொரு பக்கம். எங்கள் காலனிகளில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சைக்கிள் போகும் அளவுக்குத்தான் இடம். பிசான அறுப்பு முடிந்து கார் நடவு தொடங்கும் வரைக்கும் காய்ந்த வயல்தான் எங்கள் மைதானம். வயல்காரர் ஒரு வார்த்தை சொன்னால் அதுவும் போச்சு. ஊர் மந்தையும் களத்து மேடும் கோயில் திடலும் ஊருக்குள் இருக்கின்றன. வருவாய்த்துறை ஏட்டில் அவற்றில் பலவும் புறம்போக்கு. அதாவது எல்லோருக்கும் சொந்தம். நடைமுறையில் அவை ஒரு தெருவுக்குச் சொந்தம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2006இல் வந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகத்தோடு விளையாட்டுத் திடலும் போட்டார்கள். நூறு நாள் வேலையில் விளையாட்டுத் திடல் அமைப்பது அனுமதிக்கப்பட்ட பணியாக இருந்து வந்திருக்கிறது. சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றுக்கும் 3 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 2024இல் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கினார்கள். இவை எல்லாமே வரவேற்க வேண்டியவைதான்.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் எந்தத் திட்டமும் கேட்பதில்லை. திடல் எந்தத் தெருவில் இருக்கிறது? சாவி யார் வீட்டில் தொங்குகிறது? எனக்குத் தெரிந்த ஒரு ஊரில், காலனிப் பெண்கள் நூறு நாள் வேலையில் சீமைக்கருவேலத்தை வெட்டி, கல் பொறுக்கி, மேடு பள்ளம் நிரவித் திடலைச் சரிசெய்தார்கள். வேலை முடிந்த வாரமே அங்கே வலை கட்டி வாலிபால் ஆட ஆரம்பித்தது ஊர்த்தெரு. அந்தப் பெண்களின் பிள்ளைகள் கைகட்டி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பந்து வெளியே போனால் எடுத்துக் கொடுத்தார்கள்.

இது புதுக் கதையும் இல்லை. இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளரான பல்வங்கர் பாலு, பூனாவில் வெள்ளைக்காரர்களின் மைதானத்தில் பிட்ச் உருட்டும் ஊழியராக இருந்தவர். பிறகு இந்துக்கள் அணிக்கு ஆடியபோது அவர் வீசிய பந்தைத் தொட்ட அதே கைகள், தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் ஊற்றிக் கொடுத்தன. 1911இல் அவர் இங்கிலாந்து போய் விக்கெட்டுகளைக் குவித்து வந்தார். மைதானத்தைப் பராமரிக்க நம் கை வேண்டும், மைதானம் மட்டும் நமக்கு வேண்டாம் என்பதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

இங்கே இரண்டு தரப்பினர் எனக்குப் பதில் சொல்வார்கள்.

முதல் தரப்பு, பிரச்சினை வந்ததும் அமைதிக் கூட்டம் போடும் அதிகாரிகள். "ஆளுக்கொரு கிரவுண்டு போட்டுக் கொடுத்துடுவோம், சண்டையே வராது." கேட்க நியாயமாகத் தெரியும். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவரும் சண்டை வரக் கூடாது என்றுதான் சொன்னார். இப்படி அரசுப் பணத்தில் கட்டப்படும் இரட்டைத் திடலில் இரண்டு தலைமுறை வளர்ந்தால், எதிரணியில் நிற்பவனின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் வளரும்.

இரண்டாவது தரப்பு நம் ஆட்களே. "தனித் திடலே கூடாது தோழர், ஊருக்கு ஒரே பொதுத் திடல்தான். அங்கே போய் உரிமையை நிலைநாட்டுவோம்" என்பார்கள். கொள்கை சரி. ஆனால் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு உரிமையை நிலைநாட்டப் போக வேண்டியவன் பன்னிரண்டு வயதுப் பையன். போக வேண்டியவள் பதினான்கு வயதுப் பெண். புரட்சி முடிகிற வரைக்கும் அவர்கள் விளையாடாமல் காத்திருக்க வேண்டுமா?

எனக்கு இரண்டும் வேண்டும். காலனிக்குள் பயிற்சி ஆடுகளம், ஊர்களுக்குப் பொதுவாகப் போட்டித் திடல். காலனிக்குள் இருப்பதைக் காட்டிப் பொதுத் திடலை மறுக்கக் கூடாது. பொதுத் திடலைக் காட்டிக் காலனியில் இருப்பதை மறுக்கவும் கூடாது.

காலனிக்குள் ஆடுகளம் என்றதும் ஏக்கர் கணக்கில் நிலம் கேட்பதாக நினைக்க வேண்டாம். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. வாலிபால் களம் 18-க்கு 9. சுற்றிலும் ஓட இடம் விட்டாலும் கபடிக்குப் பத்து சென்ட் போதும். கல் பொறுக்கி, மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி, மழைத் தண்ணீர் தேங்காமல் லேசான சரிவு கொடுத்து, ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளித்தால் முட்டி தேயாது. ஒரு கம்பத்தில் இரண்டு விளக்கு. பெண் பிள்ளைகள் வர வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு கழிப்பறையும் அவர்களுக்கென்று எழுதி வைத்த நேரமும். 3 கோடி ரூபாய் அரங்கத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் வருசா வருசம் செய்ய வேண்டிய வேலை. 2023 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்தால் மறுபடி முதலில் இருந்து. அதனால் திறப்பு விழாச் செலவைப் போலவே பராமரிப்புச் செலவும் ஊராட்சிக் கணக்கில் ஒரு வரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் வருடம் சீமைக்கருவேலம்தான் ஆடும்.

பொதுத் திடல் வேறு மாதிரி. அதை எந்தக் கோயில் வாசலிலும், எந்தத் தெருவுக்குள்ளும் வைக்கக் கூடாது. மூன்று நான்கு ஊருக்கு நடுவில், பேருந்து நிற்கிற பெரிய ரோட்டை ஒட்டி, யார் வீட்டு வாசலையும் தாண்டாமல் போய் வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். ஆடப் போகும் வழியை விட ஜெயித்துத் திரும்பும் வழி முக்கியம். புல எண் அரசின் பெயரில் இருக்க வேண்டும். எந்த நாள், எந்த நேரம், எந்த அணி என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும். சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் காலனி ஆட்களும் பெண்களும் பேருக்கு ஒருவராக இல்லாமல் சரிபாதியாக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் லீக். சாதிக் கலவரங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் பள்ளியைப் பற்றியே பேசுகிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அவர் பரிந்துரைத்தார். நல்லது. ஆனால் பள்ளி நாலரை மணிக்கு முடிகிறது, மைதானம் ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. கையில் அவிழ்த்த கயிறு ஜெர்சியில் ஏறிக்கொள்கிறது. நிறம், சாதித் தலைவர் படம், அணியின் பெயர் எல்லாமே கயிறுதான். எங்கள் அணியும் அப்படித்தான் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் தலைவர் படத்தை அணிவதும், ஒதுக்குகிறவர்கள் அணிவதும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தெருவுக்கு ஒரு அணி என்று இருக்கும்வரை ஒவ்வொரு இறுதிப் போட்டியும் இரண்டு சாதிகளின் போட்டியாகத்தான் முடியும். பொதுப் பணத்தில், பொதுத் திடலில் நடக்கும் லீக்கில் அணிகளைத் தெருவாகப் பிரிக்காமல், வயதை வைத்துச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாம். கபடியில் ரைடரைப் பிடிக்கப் பக்கத்தில் நிற்பவனின் கையைக் கோத்துத்தான் ஆக வேண்டும். சங்கிலி போடாமல் ஆடவே முடியாத விளையாட்டு அது. அந்தக் கை யாருடையது என்று பார்க்காமல் பிடிக்கும் பழக்கம் பத்து வயதில் வந்தால் உண்டு.

இதெல்லாம் நடந்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அணி கலந்தாலும் நிலமும் கோயிலும் கல்யாணமும் கலக்காமல் இருக்கும் என்று எனக்கும் தெரியும். நான் கேட்பது சின்ன விஷயம். ஜெயித்த பையன் பயமில்லாமல் வீட்டுக்கு வர வேண்டும்.

மறுத்தால் சட்டம் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1), 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பொதுவளங்களைச் சமமாகப் பயன்படுத்துவதையும் பொது இடத்தில் நுழைவதையும் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அரசுத் திடலும் பொது இடம்தான். அங்கே ஆட விடாமல் தடுத்தால் அமைதிக் கூட்டம் போதாது, புகார் எழுத வேண்டும்.

இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாட்கள் உங்களுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு நாலு பேராகப் போங்கள். நம் ஊராட்சியில் விளையாட்டுத் திடல் எந்தப் புல எண்ணில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, போன வருடம் பராமரிப்புக்கு எவ்வளவு செலவானது, உபகரணப் பெட்டி எங்கே என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். திடல் இல்லை என்றால் எந்தப் புறம்போக்கு காலியாக இருக்கிறது என்று கேட்டு அதையும் எழுத வையுங்கள்.

சித்தப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. 'பைசன்' படத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வந்ததும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பேருந்து நிலையத்தில் டீ குடிக்கும்போது கேட்டார்: "அன்னைக்கு பைனல் ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பியளாய்யா?"

ஜெயித்திருப்போம் என்றுதான் சொன்னேன்.